உண்மை நூலும் உபசார நூலும்

தமிழ் மக்கள் சிங்கப்பூரில் அச்சுப்பொறியோடு பழகத் தொடங்கியது நேற்றன்று. 1887ஆம் ஆண்டிலேயே மகுதூம் சாயபு அவர்கள் 'சிங்கை நேசன்' என்னும் வாரப் பத்திரிகையை இவ்வூரில் நடத்தினார். அதன்பின் எத்தனையோ ஏடுகள் தோன்றின, மறைந்தன. நூல்களுக்கும் குறைவில்லை. 2015ஆம் ஆண்டில் தேசிய நூலகத்தின் துணையோடு சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னுருவாக்கியபோது, கதையும் கவிதையும் நாடகமுமாகச் சுமார் 350 நூல்கள் திரண்டன. சிறு தீவொன்றில் சிறுபான்மையோர் பேசும் மொழிக்கு இஃது இகழத்தக்க தொகையன்று. ஆனால், கற்பனை கலவாமல், நடந்ததை நடந்தவாறு, ஆதாரத்தோடு எடுத்துரைக்கும் நூல்கள் நம்மிடம் எத்தனை உள என்று ஒருவர் கேட்பாராயின், விடை கூற நாம் சற்றே தயங்க வேண்டியிருக்கிறது.

நம்மிடையே வெளிவரும் கதையல்லாத நூல்களிற் பலவற்றை 'உபசார நூல்' என்றே வகைப்படுத்தல் தகும். அவற்றின் இலக்கணத்தை வாசகர் அறிவர். முதற் பதினாறு பக்கங்களில் வாழ்த்துரையும் அணிந்துரையும் ஆசியுரையும் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுக்கும். பின்னர், நூலுக்குரிய பெரியவர் பிறந்தார், வளர்ந்தார், உழைத்தார், உயர்ந்தார் என்பது நான்கு அதிகாரங்களிற் சொல்லப்படும். எந்த ஆண்டில் உழைத்தார், நாளொன்றுக்கு என்ன கூலி பெற்றார், யாரோடு முரண்பட்டார், எதிலே தோற்றார் என்பன மட்டும் அகப்படமாட்டா. இறுதியிற் பொன்னாடைப் படங்கள். வெளியீட்டு விழாவில் முதற் பிரதியைப் பெற்றுக்கொண்ட கனவானும் வீடு சேர்ந்த பிறகு அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இத்தகைய நூல்களை எழுதுவோர் தீய எண்ணம் உடையவரல்லர். மிக்க நல்லெண்ணம் உடையவரே. அந்த நல்லெண்ணமே அவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் நமது முறையீடு.

இதனால் யாருக்கு என்ன நட்டம் எனக் கேட்பாரும் உளர். நட்டம் எவ்வளவு பெரிது என்பதற்குத் தோட்டப்புறத் தமிழர் எவரும் மறக்கவியலாத ஓர் உதாரணம் காட்டுவோம். 1942ஆம் ஆண்டிலும் 1943ஆம் ஆண்டிலும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை அமைத்தனர். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் முதலிய யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகையோ ஒரு லட்சத்தையும் வெகுவாகக் கடந்தது. அவருள் மலாயாவின் கித்தாக் காடுகளிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் மிகப் பலர்.

கைதிகளாயிருந்த வெள்ளையர், பிடிபட்டால் தண்டனை என்று அறிந்தும், கிடைத்த காகிதத் துண்டுகளில் நாட்குறிப்பு எழுதி மறைத்து வைத்தார்கள். டன்லப் என்னும் ஆஸ்திரேலிய வைத்தியர் அங்ஙனம் எழுதிய குறிப்புகள் 1986ஆம் ஆண்டில் நூலாக வந்தன. உலகம் அவற்றைப் படித்தது. காஞ்சனபுரியிலுள்ள யுத்த மயானத்தில் கிட்டத்தட்ட 7,000 கைதிகளுக்குக் கல்லறைகள் வரிசையாக உள்ளன. நம்மவருக்கோ பெயர்ப்பட்டியலும் இல்லை. மாண்டவர் எத்தனை பேர் என்பதும் மதிப்பீடாகவே நிற்கிறது. ஆர். சண்முகம் அவர்கள் 'சயாம் மரண ரயில்' என்றும், அ. ரெங்கசாமி அவர்கள் 'நினைவுச் சின்னம்' என்றும் நாவல்கள் எழுதி நமது மானத்தைக் காத்தனர். அவர்களுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் வண்டி ஏற்றப்பட்டனர், என்ன கூலி தருவதாகச் சொல்லப்பட்டது, திரும்பியவர் எத்தனை பேர் என்று ஒரு நாவலைப் பார்த்துக் கேட்க முடியுமா? கேட்பதும் முறையா? கதை செய்ய வேண்டிய வேலை வேறு. உண்மை நூல் செய்ய வேண்டிய வேலை வேறு. இரண்டாவது வேலையை நாம் பெரும்பாலும் பிறருக்கே விட்டுவிட்டோம்.

நம் இரத்தத்தில் இவ்வாற்றல் இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. மலாக்காவிற் பிறந்த முன்ஷி அப்துல்லா என்பாரின் முன்னோருள் நாகூர்த் தமிழ்ப் பெண்மணியும் ஒருவர். இளமையில் அவர் இரண்டரை ஆண்டுகள் தமிழும் பயின்றார்; அக்காலத்தில் மலாக்கா வணிகரின் கணக்கு வழக்குகள் தமிழில் இருந்தமையே அதற்குக் காரணம். அவர் மலாய் மொழியில் எழுதிய சுயசரிதை 1849ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலே அச்சாயிற்று. அரசர் புகழும் அற்புதங்களுமே ஏட்டில் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், தாம் கண்ட மனிதரையும் தெருவையும் விலைவாசியையும் 'நான் கண்டேன்' என்று அவர் எழுதினார். சீனரின் இரகசியச் சங்கம் காட்டுக்குள் கூடுகிறது என்ற பேச்சு எழுந்தபோது, கேள்வியோடு அதனை விடாமல், மாறுவேடம் பூண்டு தாமே சென்று பார்த்ததை விவரிக்கிறார். மலாய்ச் சிற்றரசர்களின் கொடுமையை அஞ்சாமற் கண்டித்தார். அவரிடமும் குறை உண்டு. ஆங்கிலேய அதிகாரிகளைப் பற்றி எழுத நேரும்போது அவர் பேனா சற்றுக் குனிந்துகொள்கிறது. அவ்விடங்களில் நூல் வலிமை குன்றுவதை இன்று படிப்பவரும் உணரலாம். தாமே சென்று பார்த்த பக்கங்கள் உயிரோடிருப்பதும், உபசாரம் சொன்ன பக்கங்கள் வாடிப்போயிருப்பதும் ஒரே நூலுக்குள் நமக்குக் கிடைக்கும் பாடமாகும்.

நிற்க. நூல் எழுத விரும்பும் அன்பர்க்குக் குறை கூறுதல் மட்டும் பயன்படாது. வழியும் சொல்ல வேண்டும். எனவே இனி வருவனவற்றைச் செய்முறையாகவே சொல்வோம். வெறும் விதியாகச் சொன்னால் மனத்தில் நில்லாது என்பதற்காக, கேலாங் வட்டாரத்தைப் பற்றி ஒருவர் நூல் எழுதப் புகுந்ததாக வைத்துக்கொண்டு பேசுவோம். தோட்டப்புற வாசகர் கேலாங் என்ற இடத்தில் தம் தோட்டத்தின் பெயரை வைத்துப் படித்துக்கொள்வாராக.

முதலாவது, பொருளைச் சுருக்க வேண்டும். நம்மவர் பேனா எடுத்தவுடன் 'மலாயாத் தமிழர் வரலாறு' என்றோ, 'சிங்கப்பூரும் தமிழரும்' என்றோ தலைப்பிட்டுவிடுகின்றனர். அஃது ஆயிரம் பேர் ஐம்பது ஆண்டு செய்யவேண்டிய காரியம். தனியொருவர் அதனைத் தொட்டால், முன்னே எழுதியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதன்றி வேறென்ன செய்ய இயலும்? கேலாங் சாலை முழுவதுமே ஒருவர்க்கு அதிகம். அச்சாலையின் ஒரு புறத்தில் ஒற்றைப்படை எண்ணுள்ள லோரோங்குகளும், மறுபுறத்தில் இரட்டைப்படை எண்ணுள்ள லோரோங்குகளும் கிளை பிரிகின்றன. அவற்றுள் ஒரே ஒரு லோரோங்கை எடுத்துக்கொள்க. அதிலுள்ள கடைவீடுகள் எத்தனை, கீழ்த்தளத்தில் என்ன வியாபாரம், மேல்மாடியில் யார் குடியிருக்கின்றனர், இருபது ஆண்டுகளுக்கு முன் யார் இருந்தனர் என்று எழுதினால், அதுவே எவரும் எழுதாத நூலாகும். அதுபோலவே, 'தோட்டத் தொழிலாளர் துயரம்' என்பதினும், 'எங்கள் தோட்டத்தின் மூன்றாம் லயம்' என்பது நூறு மடங்கு நல்ல பொருள்.

இரண்டாவது, அன்றன்று குறித்து வைக்க வேண்டும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை அவர்கள் 1736ஆம் ஆண்டு தொடங்கி 1761ஆம் ஆண்டு வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இன்ன விலைக்குப் போயிற்று, கவர்னர் இன்னது சொன்னார் என்று எழுதினாரே தவிர, தாம் சரித்திரம் எழுதுவதாகப் பறைசாற்றவில்லை. அவ்வேடுகள் 1846ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்டபோது, பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அவற்றைப் பெயர்த்தெழுதித் தங்கள் சரித்திரத்தைத் திருத்திக்கொண்டார்கள். ஒரு துபாஷின் குறிப்புக்கு இத்தகைய மதிப்பு எங்ஙனம் வந்தது? நாளும் விலையும் ஆளின் பெயரும் அதில் இருந்தமையாலன்றோ?

நமது காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. சிங்கப்பூரிற் கட்டட வேலை செய்த வங்காளத் தொழிலாளரான ஷரிஃப் உத்தீன் என்பவர், வேலை முடிந்த இரவுகளில் எழுதிய குறிப்புகளை 2017ஆம் ஆண்டில் நூலாக்கினார். 'ஸ்ட்ரேஞ்சர் டு மைசெல்ஃப்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூல் மறு ஆண்டே சிறந்த புனைவல்லாத நூலுக்கான பரிசை இந்நாட்டிற் பெற்றது. கேலாங்கின் மேல்மாடி அறைகளிலும் தீவின் தொழிலாளர் விடுதிகளிலும் தங்கியிருக்கும் தமிழ்த் தோழர்கள் எத்தனை பேர்! அவர்களிடமும் பேனா இருக்கிறது. கையிலே தொலைபேசியும் இருக்கிறது. முகவருக்குக் கொடுத்த தொகை, முதல் மாதச் சம்பளம், ஊருக்கு அனுப்பியது, லாரியில் சென்ற நேரம், மதியம் சாப்பிட்டது என இவற்றை நாளிட்டு எழுதி வந்தால், ஓராண்டில் ஒரு நூலுக்கான சரக்கு கைக்கு வந்துவிடும்.

மூன்றாவது, முதியோரிடம் கேட்க வேண்டும். கேட்கும் முறை அறிந்து கேட்க வேண்டும். "அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி, தாத்தா?" என்று கேட்டால், "கஷ்டந்தான் தம்பி" என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடும். அவ்விடை உண்மையே, ஆயினும் நூலுக்கு உதவாது. "பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? ஒரு நிறைக்கு எத்தனை மரம்? மங்கு கழுவியது யார்? மழை பெய்து மரம் வெட்டாத நாளிற் கூலி உண்டா? அரிசி என்ன விலை? பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டபோது பால் கொடுக்க எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டால் கதவு திறக்கும். கைகள் செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் மனம் தானே பேசத் தொடங்கும். இன்னொன்று. நம்மவர் ஆடவரிடம் மட்டுமே கேட்கின்றனர். தோட்டத்திற் பாதி உழைப்பு பெண்களுடையது. கங்காணி சொன்ன கணக்கையும், அவன் கீழ்ப் பால் எடுத்த பெண் சொன்ன கணக்கையும் அருகருகே வைத்தாலன்றி உண்மை வெளிப்படாது.

கேட்டதை எழுதும்போது, சொன்னவர் பெயர், வயது, ஊர், கேட்ட நாள் ஆகிய நான்கையும் குறிக்க வேண்டும். அச்சிடச் சம்மதமா என்றும் கேட்க வேண்டும். பெயர் வெளிவர வேண்டாம் என்பார்க்குப் பெயரை மாற்றுக. மாற்றியிருப்பதை நூலிற் சொல்லிவிடுக. சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டு முதல் அரசாங்கமே வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்து வருகிறது. அதிலே தமிழர் பேச்சும் உண்டு. அவற்றைக் கேட்டுப் பார்ப்பவர், வினா எழுப்பும் கலையையும் உடன் கற்றுக்கொள்வர்.

நான்காவது, காகிதங்களைத் தேட வேண்டும். நினைவு நல்ல சாட்சி. தனிச் சாட்சியாக நிறுத்தினால் தடுமாறும். சம்பளச் சீட்டு, செக்ரோல் புத்தகம், பழைய கடவுச்சீட்டு, பள்ளிக்கூடப் பதிவேடு, கோயில் வரவுசெலவு, கலியாணப் பத்திரிகை, கல்லறை எழுத்து ஆகிய யாவும் நூலாசிரியனுக்குச் செல்வமே. 1935ஆம் ஆண்டில் தோன்றிய 'தமிழ் முரசி'ன் பழைய இதழ்களைத் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பிலே தேடிப் படிக்கலாம். கேலாங்கைப் பற்றி எழுதுபவர்க்கு இன்னும் எவ்வளவோ உண்டு. அச்சாலையில் 1905ஆம் ஆண்டில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1926ஆம் ஆண்டில் கம்பிப் பேருந்து வந்து, 1962ஆம் ஆண்டு வரை ஓடியது. தாத்தா, "நான் வந்து இறங்கியபோது டிராமில் ஏறிக் கேலாங் போனேன்" என்பாராயின், அவர் வந்தது 1927ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டதன்று என்று அறியலாம். ஏனெனில் அவ்வாண்டோடு டிராம் நின்றுவிட்டது. அல்லது, அவர் கம்பிப் பேருந்தையே டிராம் என்கிறார் என்று ஐயுறலாம். இரண்டில் எது என்று மீண்டும் சென்று கேட்க வேண்டும். இவ்வாறு வாய்ச்சொல்லும் காகிதமும் ஒன்றையொன்று உரசும் இடத்திற்றான் உண்மை நூலின் வேலை தொடங்குகிறது.

ஐந்தாவது, கண்டது, கேட்டது, ஊகித்தது ஆகிய மூன்றையும் கலக்கலாகாது. கேலாங் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். பழைய படங்களில் அது 'கெலாங்' என்று காணப்படுகிறது. தேங்காய் ஆட்டும் ஆலைகள் இருந்தமையால், ஆலையைக் குறிக்கும் 'கிலாங்' என்னும் மலாய்ச் சொல்லே திரிந்தது என்பர் ஒரு சாரார். உணவுக்காகும் ஒரு கொடியின் பெயர் என்பர் மற்றொரு சாரார். கடலோடி மக்களின் ஓர் இனப்பெயரோடு தொடர்புடையது என்பாரும் உளர். மெய்யான நூலாசிரியர் மூன்றையும் வைத்து, எதற்கு என்ன ஆதாரம் என்று சொல்லி, முடிவு செய்ய இயலாவிடின் இயலவில்லை என்று எழுதி அப்பாற் செல்வார். நம்மவருள் சிலரோ, எந்த ஊரின் பெயரைக் கண்டாலும் அதற்குள் ஒரு தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்துவிடுகின்றனர்; சோழர் கப்பல் அங்கே நங்கூரம் பாய்ச்சியதாகவும் எழுதிவிடுகின்றனர். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? ஓர் அதிகாரத்தில் இப்படி ஒரு பொய் புகுந்தால், வாசகர் மற்ற ஒன்பது அதிகாரங்களின் மெய்யையும் நம்பமாட்டார். தமிழுக்குப் பெருமை சேர்க்க எண்ணிச் செய்யும் காரியம் தமிழ் நூலின் நாணயத்தையே கெடுத்துவிடும்.

ஆறாவது, வசதியற்ற உண்மைகளை விட்டுவிடலாகாது. கேலாங்கைப் பற்றி எழுதுபவர் அங்குள்ள கோயிலையும் மசூதியையும் டுரியான் கடைகளையும் மட்டும் எழுதி, விலைமாதர் இல்லங்களைக் காணாதவர்போற் கடந்து செல்வாராயின், அவர் கேலாங்கை எழுதவில்லை. 1964ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் கேலாங்கை நோக்கிச் சென்றபோது மூண்ட கலகத்தில் 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் மூண்டபோது 13 பேர் மாண்டனர். இதை எழுத அஞ்சவேண்டியதில்லை; பொறுப்போடு எழுத வேண்டும். தொகைகளைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, இரு திறத்தாரையும் கேட்டு, தெருப்பேச்சைத் தெருப்பேச்சென்றே குறித்து எழுதினால், அந்நூல் பகையை மூட்டாது. வதந்தியின் வாயை அடைக்கும்.

கோயிலைப் பற்றி எழுதுவதிலும் இதுவே முறை. இன்று கேலாங் ஈஸ்டில் உள்ள சிவன் கோயில் முன்னர் ஆர்ச்சர்ட் சாலையில் இருந்தது. பெருவிரைவு இரயில் பாதைக்காக அங்கிருந்து பெயர்ந்து, சிராங்கூன் சாலையிற் சில ஆண்டுகள் இருந்து, 1993ஆம் ஆண்டில் இவ்விடம் சேர்ந்தது. எத்தனை கூட்டங்கள், எத்தனை வாக்குவாதங்கள், எவ்வளவு வசூல், யார் உழைத்தார் என்று எழுதினால், பக்தரும் படிப்பர், பக்தரல்லாதாரும் படிப்பர். தலபுராணம் பாடினால் முன்னவர்கூட வாங்கி மாடத்தில் வைத்துவிடுவர்.

தோட்டத்தை எழுதுவோர்க்கும் இச்சோதனை உண்டு. துரையின் கொடுமையை எழுதுவது எளிது, துரை போய்விட்டான். நமக்குள் நாமே இழைத்த கொடுமையை எழுதுவதுதான் அரிது. எந்தச் சாதியாருக்கு எந்த லயம் ஒதுக்கப்பட்டது, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கவில்லை, கள்ளுக்கடையில் எவ்வளவு கூலி கரைந்தது, கங்காணி கடன் சீட்டில் எப்படிக் கணக்கெழுதினான் என்பவற்றை ஒளித்துவிட்டு எழுதும் சரித்திரம் பாதிச் சரித்திரமே. உ. வே. சாமிநாதையர் அவர்கள் தம் ஆசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியரைத் தெய்வமாகப் போற்றியவர் அவர். ஆயினும் அப்பெரும்புலவர் பட்ட வறுமையையும் கடனையும் அவர் மூடி மறைக்கவில்லை. அதனாற் பிள்ளையவர்களின் பெருமை குறைந்ததா? நம் கண்ணுக்கு முன் அவர் ஒரு மனிதராக நடமாடுவது அப்பக்கங்களாலேதான். பக்தியும் உண்மையும் ஒரே பேனாவில் ஓடலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஏழாவது, நடை எளிதாயிருக்க வேண்டும். உலகமெல்லாம் சுற்றி, காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களை ஏறத்தாழ 50,000 அடி திரட்டி, 1940ஆம் ஆண்டில் படமாக வெளியிட்ட ஏ. கே. செட்டியார் அவர்களின் பிரயாண நூல்களைப் படித்துப் பார்க்குமாறு எழுதப் புகுவோரை வேண்டுகிறோம். 'மலேயா முதல் கனடா வரை' சென்ற அம்மனிதர் எழுதிய வாக்கியங்கள் குறுகியவை; தம்மைப் பற்றிய பேச்சு மிகச் சொற்பம்; பார்த்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நம்மவர்க்கு அடுக்குமொழியின் மேல் உள்ள காதல் மேடைக்குப் பொருந்தலாம். உண்மை நூலில் அது கண்ணாடியின் மேற் படிந்த புகை போன்றது. "கண்ணீர்க் கடலில் தத்தளித்த கண்மணிகள்" என்று எழுதுவதினும் ஒரு செய்தியை எழுதுக. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் மற்றொன்று. அடிமைத்தனத்தைப் பற்றிய நூறு அடைமொழிகள் சொல்லாததை அந்த ஒரு சைக்கிள் சொல்லிவிடவில்லையா?

தொழிற்சொற்களைக் குறித்து வெட்கப்படவும் வேண்டா. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், கிராணி, லயம், காண்டா ஆகிய இவை நம் முன்னோர் உழைப்பிற் பிறந்த சொற்கள். அவற்றை நீக்கி அகராதிச் சொற்களைப் பெய்தால், அவ்விடத்தில் வாழ்ந்தவர்க்கே அந்த இடம் அடையாளம் தெரியாமற்போகும். முதன்முறை வரும்போது ஒரு வரியிற் பொருள் சொல்லிவிட்டு அப்படியே ஆளுக.

எட்டாவது, எழுதும் ஒழுங்கு. முழு நூலையும் மனத்திற் கட்டி முடித்த பின்னரே எழுதுவேன் என்பார் எழுதுவதில்லை. ஒவ்வொரு செய்தியையும் ஒரு துண்டுத் தாளிலோ, கணினியில் ஒரு சிறு கோப்பிலோ எழுதி வைக்க வேண்டும். நூறு துண்டுகள் சேர்ந்தபின் அவற்றை இனம் பிரித்தால் அதிகாரங்கள் தாமே தோன்றும். முதல் முப்பது பக்கத்தை எழுதி இருவரிடம் கொடுக்க வேண்டும்: ஒருவர், அவ்விஷயத்தை உடனிருந்து அறிந்தவர், மற்றவர், அதனைச் சிறிதும் அறியாதவர். முன்னவர் பிழையைக் காட்டுவர். பின்னவர் விளங்காத இடத்தைக் காட்டுவர். "அருமை, அருமை" என்று மட்டும் சொல்லும் நண்பரிடம் வெளியீட்டு விழாவுக்கு முன் நூலைக் காட்டாதிருப்பதே க்ஷேமம்.

ஒன்பதாவது, அச்சேற்றும்போது கவனிக்க வேண்டியவை. அணிந்துரை ஒன்று போதும். அதுவும் நூலைப் படித்தவர் எழுதியதாயிருக்க வேண்டும். மிச்சமாகும் பக்கங்களில் ஒரு வரைபடமும், ஆண்டு வரிசையும், பொருட்குறிப்பு அகராதியும் சேர்க்கலாம். தமிழிற் கதையல்லாத நூல்கள் பல, கடைசியிற் பெயர் அகராதி இல்லாமையால், ஒருமுறை படித்தபின் தேடமுடியாத சரக்கறைகளாகிவிடுகின்றன. படங்களுக்குக் கீழ், இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்று எழுதுக. சிங்கப்பூரில் வெளியிடும் நூலின் இரண்டு பிரதிகளை நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்தில் ஒப்படைக்க வேண்டுமென்பது சட்டம். இதனைச் சுமையாக எண்ணுவோர் உண்டு. வீட்டிற் கறையான் தின்றாலும் அங்கே ஒரு பிரதி நிலைத்திருக்கும் என்று எண்ணினால், அது சுமையாகத் தோன்றாது. 2014ஆம் ஆண்டில் சிங்கப்பூர் இலக்கியப் பரிசில் புனைவல்லாத தமிழ் நூல்களுக்கும் இடம் ஏற்பட்டதை அன்பர்கள் அறிவர். பரிசுக்காக எழுத வேண்டியதில்லை. அத்தகைய நூலுக்கும் இலக்கியத்தில் இடமுண்டு என்று நாடு ஒப்புக்கொண்டதை மட்டும் நினைவிற் கொள்க.

"இவ்வளவும் செய்ய நான் பண்டிதன் அல்லேனே" என்பாரும் உண்டு. இந்நூல்களுக்குப் பண்டிதர் தேவையில்லை. மரம் சீவியவர், லாரி ஓட்டியவர், கடையிற் கணக்கெழுதியவர், பிள்ளை பெற்று வளர்த்தவர் ஆகிய இவர்களே இதற்கு ஆசிரியர். எழுத்துப் பிழையைத் திருத்தித் தர ஒரு பள்ளி ஆசிரியர் போதும். வாழ்ந்தவர் விட்டுச் சென்ற வாழ்க்கையை மட்டும் எந்தப் பண்டிதராலும் திருத்தித் தர இயலாது.

"ஓய்வு பெற்றபின் எழுதலாம்" என்பார்க்கும் ஒரு சொல். சாமிநாதையர் அவர்கள் 'என் சரித்திர'த்தை 1940ஆம் ஆண்டில் வாரப் பத்திரிகையில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை எட்டியிருந்தது. 1942ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அப்பெரு நூல் முற்றுப்பெறாமலே நின்றது. அவருடைய நினைவாற்றலும் ஏடுகாக்கும் பழக்கமும் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? அவருக்கே காலம் போதவில்லையெனில், நாம் எதனை நம்பி நாள் கடத்துகிறோம்?

சயாம் பாதைக்குத் தந்தையை வண்டி ஏற்றி அனுப்பிய நாளிற் பத்து வயதாயிருந்த குழந்தைக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. அத்தகையோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கலாம், நெடுநாள் இருக்கமாட்டார். ஆகவே எழுத விரும்பும் அன்பர் தலைப்பையும் அட்டைப்படத்தையும் பற்றி இப்போது சிந்திக்க வேண்டா. இவ்வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அப்படிப்பட்ட ஒருவரிடம் செல்க. முதற் பக்கத்தின் தலையில் நாளையும் இடத்தையும் எழுதுக. "தோட்டத்தின் பெயர் என்ன, பாட்டி?" என்று தொடங்குக.